யாழ்ப்பாண மாவட்ட நீதிமன்றம்: வேலிச் சண்டைக்காகக் கட்டியதா?

2 பெப்ரவரி 2019: ஒரு வாசகர் கேட்டது

"யாழ்ப்பாண மாவட்ட நீதிமன்றத்தைப் பற்றி ஏன் இவ்வளவு பெருமைப்படுகிறீர்கள்? வேலிச் சண்டை பிடிக்கிற சனத்துக்காக வெள்ளைக்காரன் 1833இல் திறந்து வைத்த கோர்ட் அது. அதற்கு முன் எல்லாவற்றையும் நாங்களே கதைத்துத் தீர்த்துக்கொண்டோம். தேசவழமை என்கிற பழைய வழக்கச் சட்டக் குழப்பத்தை எடுத்துவிட்டால் அங்கே வழக்கில் பாதி இருக்காது."

2 பெப்ரவரி, இரவு

1833 மட்டும் சரி, மிச்சம் பிழை.

1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் இங்கே 'லாந்துராட்' என்றொரு காணி மன்றை நடத்தினார்கள். காணித் தகராறு அங்கே போனது. தோம்பு என்ற காணிப் பதிவேடும் அந்தக் காலத்துச் சங்கதிதான். சொல் போர்த்துக்கேயச் சொல். ஆங்கிலேயர் 1795இல் வந்து மாகாண நீதிமன்றம் வைத்தார்கள். 1833 சாசனம் அதையெல்லாம் கலைத்துத் தீவு முழுவதற்கும் மாவட்ட நீதிமன்றங்களை உண்டாக்கியது. ஆகவே கதைத்துத் தீர்த்த பொற்காலம் 1833க்கு முதல் நாள் வரை இருந்தது என்பது கதை.

வேலிச் சண்டையைப் பற்றி நாளைக்கு எழுதுகிறேன். அதில் எனக்கும் பங்கு இருக்கிறது.

3 பெப்ரவரி

நான் எண்பதுகளில் ஒரு நொத்தாரிசுவின் (காணி உறுதிப் பத்திரம் எழுதுபவர்) கந்தோரில், அதாவது அலுவலகத்தில், எழுதுவினைஞனாக இருந்தவன். கோர்ட்டை வெளியே நின்று பார்த்தவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். உறுதி எழுதும் இடத்தில் இருந்தால் எந்த உறுதி பத்து வருடம் கழித்து வழக்காகும் என்று மூக்குச் சொல்லும்.

வேலி வழக்கு ஏன் இங்கே அதிகம் என்றால் சனம் கெட்டது என்பதல்ல காரணம். காணி சிறியது. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். பதினெட்டுக் குழி ஒரு பரப்பு. இரண்டு பரப்பு வளவுக்குள் வீடு, கிணறு, நாலு தென்னை, பத்துப் பனை. எல்லை என்பது மதில் அல்ல, தடி நட்டு அடைத்த கதியால் வேலி. கிளுவையும் பூவரசும் உயிருள்ளவை. வருடா வருடம் அடைக்கும்போது ஒரு கதியால் கொஞ்சம் தள்ளி நடப்படும். அதைத் தள்ளி நட்டவருக்கும் பல வேளை அது தெரியாது. முப்பது வருடத்தில் அரைக் குழி போய்விடும். அரைக் குழிக்கு வழக்கா என்று சிரிக்கிறவர் ஏக்கர் கணக்கில் காணி பார்த்தவராக இருக்க வேண்டும்.

கிணற்றுப் பங்கு இன்னொன்று. எங்கள் பக்க உறுதிகளில் காணியை எழுதி முடித்த பிறகு, இன்ன காணியிலுள்ள கிணற்றில் இத்தனையில் ஒரு பங்கும் போக்குவரத்துப் பாதையும் நீர்வாய்க்காலும் என்று தனியாக வரும். எங்கள் வீட்டு உறுதியில் எங்களுக்கு 24இல் ஒரு பங்கு. ஒரு கிணற்றை இருபத்துநாலாகப் பிரித்தவன் எப்படித் தண்ணீர் அள்ளியிருப்பான் என்று யோசித்துப் பாருங்கள். முறை வைத்து இறைத்தார்கள். முறை தவறிய நாளில் சண்டை வந்தது.

3 பெப்ரவரி, சற்றுப் பிறகு

'கந்தோர்' என்று எழுதியதைக் கண்டு ஒருவர் சிரித்திருக்கிறார். கந்தோர் ஒல்லாந்தச் சொல். கோர்ட்டின் கட்டளையை நிறைவேற்றும் பிஸ்கால் ஒல்லாந்தச் சொல். வழக்குக்குப் போகிறவர் தேடிய வழக்கறிஞர், அந்த அப்புக்காத்தும் அங்கிருந்து வந்ததுதான். உறுதியை வைத்துப் பூட்டும் லாச்சியும் ஒல்லாந்தர் தந்தது, கக்கூசும் ஒல்லாந்தர் தந்தது. ஒரு சராசரி யாழ்ப்பாணக் காணி வழக்குக்குத் தேவையானது முழுவதும் அந்த ஒரே பட்டியலில் அடங்கிவிடுகிறது.

5 பெப்ரவரி

தேசவழமைக்கு வருகிறேன். "குழப்பம்" என்று கேட்டவர் சொன்னதில் கோபப்பட ஒன்றும் இல்லை. ஆனால் குழப்பம் எங்கே இருந்து வந்தது?

ஒல்லாந்த ஆளுநர் சிமோன்ஸ் காலத்தில், யாழ்ப்பாணத்தில் திசாவையாக (மாகாண அதிகாரி) இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் இங்குள்ள வழக்கங்களைத் திரட்டி 1706இல் எழுதினார். அதைத் தமிழில் பெயர்த்து உள்ளூர்த் தலைவர்களான பன்னிரண்டு முதலிமாரிடம் கொடுத்தார்கள். அவர்கள் பார்த்துச் சரி என்றார்கள். 1707இல் அது நடைமுறைக்கு வந்தது. நூறு வருடம் கழித்து ஆங்கிலேயர், 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தின் வழியாக அதற்குச் சட்ட வலு கொடுத்தார்கள்: யாழ்ப்பாண மாகாணத்து மலபார் குடிகளுக்கிடையிலான வழக்குகளும், மலபார் குடி ஒருவர் எதிராளியாக நிற்கும் வழக்குகளும் அந்த வழமைப்படியே தீர்க்கப்பட வேண்டும். 'மலபார்' என்றால் தமிழர். அவர்கள் நாக்கு அப்படி.

இதிலே என் கருத்து ஒன்றுண்டு. வழமை என்பது ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் நெளிந்து கொடுப்பது. எழுதியவுடன் அது நின்றுபோகிறது. அதற்குப் பிறகு அதை நகர்த்தக் கோர்ட்டும் கட்டளைச் சட்டமும் தேவைப்படுகின்றன. தேசவழமையால் கோர்ட்டுக்கு வேலை வந்தது என்று கேட்டவர் சொல்கிறார். நான் அதைச் சற்றுத் திருப்புவேன்: வழமையை எழுதி வைத்ததால் வேலை வந்தது.

முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்ற மூன்றும் அதில்தான். ஆண் பரம்பரையில் வந்தது முதுசம். பெண்ணுக்குக் கட்டிக் கொடுத்தது சீதனம். கலியாணத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்து தேடியது தேடியதேட்டம். இந்த மூன்றில் எது எது என்று பிரித்துச் சொல்வதே மாவட்ட நீதிமன்றத்தின் பெரிய வேலையாக இருந்தது. வளவு சீதனம், அதில் கட்டிய வீடு புருஷன் சம்பளம், கிணறு மாமனார் வெட்டியது. இப்போது பிரித்துக் காட்டுங்கள்.

6 பெப்ரவரி

திருத்தம். இலங்கைத் தமிழர் எல்லோருக்கும் தேசவழமை என்ற எண்ணம் வரும்படி நேற்று எழுதிவிட்டேன், அது தவறு. மட்டக்களப்புத் தமிழருக்கு இது இல்லை. அங்கே முக்குவர் வழமை என்று வேறொன்று இருந்து மறைந்தது. கொழும்பிலேயே நிலைத்துவிட்ட குடும்பம் என்றாலும் கேள்வி எழும். 1913இல் உச்ச நீதிமன்றம் ஸ்பென்சர் எதிர் இராஜரத்தினம் என்ற வழக்கில் நிலையான குடியிருப்பைத்தான் அளவாகப் பார்த்தது. தமிழர் என்பது மட்டும் போதாது.

முன்கொள்வனவு உரிமை வேறு விதம். அது ஆளைப் பார்க்காது, காணியைப் பார்க்கும். வடக்கில் பங்குக் காணி விற்பவர் 1947இன் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி சகபங்காளிகளுக்கும் உரிமைக்காரருக்கும் முதலில் அறிவிக்க வேண்டும். வாங்குகிறவர் எந்த இனம் என்பது கேள்வியே இல்லை.

6 பெப்ரவரி, இரவு

இன்னொருவர் கேட்கிறார்: அந்தப் பன்னிரண்டு முதலிமார் எந்தச் சாதி, ஒரு பெண்ணையாவது கேட்டார்களா?

கேட்கவில்லை. மறைக்காமல் சொல்லவேண்டிய இன்னொன்றும் உண்டு. எழுதப்பட்ட தேசவழமையில் அடிமைகளைப் பற்றியும் ஒரு பகுதி இருக்கிறது. யார் யாருக்கு உடைமை, அவர்கள் பிள்ளைகள் யாருக்குச் சொந்தம் என்றெல்லாம். 1844இல் இலங்கையில் அடிமை முறை சட்டப்படி ஒழியும் வரைக்கும் அது செத்த எழுத்து அல்ல. நீதிமன்றத்தின் முதல் பதினொரு வருடமும் அதற்குள் அடங்கும். எங்கள் வழமை, எங்கள் பண்பாடு என்று நெஞ்சை நிமிர்த்துகிறவர்கள் அந்தப் பக்கத்தையும் வாசிக்க வேண்டும். நான் வாசித்தது நாற்பது வயதுக்குப் பிறகுதான். கந்தோரில் இருந்த பிரதியில் அந்தப் பகுதி மட்டும் மடிப்புக் கலையாமல் இருந்தது.

9 பெப்ரவரி

நீதிமன்றம் எப்படி நடந்தது என்று கேட்டவருக்கு.

1833 சாசனப்படி ஒரு நீதிபதியும் பக்கத்தில் மூன்று ஜூரிமாரும். ஊர்க்காரரின் அறிவு நீதிபதிக்குக் கிடைக்கட்டும் என்ற எண்ணம். கருத்து வேறுபட்டால் நீதிபதி சொன்னதே நிற்கும். அந்தக் காலத்தில் சிவில், குற்றவியல் இரண்டும் அங்கேதான். இன்று 1978ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க நீதித்துறைச் சட்டத்தின் கீழ் அது சிவில் நீதிமன்றம். காணி, நம்பிக்கைப் பொறுப்பு, விவாகரத்து, மரணச் சாதனம், பாதுகாவலர் நியமனம், புத்தி சுவாதீனம் இழந்தவரின் சொத்து எல்லாம் அங்கே. கொலை வழக்கு அங்கே இல்லை.

இந்தக் கடைசி வசனத்தைச் சும்மா எழுதவில்லை. புங்குடுதீவு மாணவி கொலையை அடுத்து 2015 மே மாதம் சனம் கொதித்து யாழ்ப்பாண நீதிமன்ற வளாகத்துக்குக் கல்லெறிந்தது. அந்த வழக்கு மேல் நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் முன் நடந்து 2017 செப்டெம்பரில் தீர்ப்பானது. வளாகம் ஒன்று என்பதால் மாவட்ட நீதிமன்றமும் கல்லை வாங்கிக்கொண்டது. அன்றைக்கு உள்ளே ஏதாவது கிணற்றுப் பங்கு வழக்கு நடந்திருக்கலாம் என்று நினைத்தால் சிரிக்கவும் முடியவில்லை.

10 பெப்ரவரி

ஜூரி என்று எழுதியது பிழை. ஒரு சட்டத்தரணி தனிப்பட எழுதித் திருத்தினார். சாசனம் சொன்னது மதிப்பீட்டாளர்களை. ஜூரி என்றால் குற்றவாளியா இல்லையா என்று தீர்ப்பதே அவர்கள்தான்; மதிப்பீட்டாளர் அபிப்பிராயம் சொல்லலாம், அவ்வளவுதான். நீதிபதி சொன்னதே நிற்கும் என்று நானே எழுதிவிட்டு ஜூரி என்றும் எழுதியிருக்கிறேன். நொத்தாரிசு இருந்திருந்தால் தாளைக் கிழித்திருப்பார்.

14 பெப்ரவரி

காதலர் தினமாம். நான் சின்னம்மாவின் மனுவைப் பற்றி எழுதுகிறேன்.

1911ஆம் ஆண்டின் முதலாம் இலக்கக் கட்டளைச் சட்டம், யாழ்ப்பாணத்தாரின் திருமண உரிமைகளையும் மரபுரிமையையும் பற்றியது. அதன்படி மணமான பெண்ணின் சொத்து அவளுடையதுதான். நகையை விற்கலாம், யாரையும் கேட்க வேண்டாம். காணியை இன்னாருக்கு என்று உயில் எழுதி வைக்கலாம், அதற்கும் கேட்க வேண்டாம். ஆனால் உயிரோடு இருக்கும்போது அந்தக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ புருஷனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். செத்தபிறகு சுதந்திரம்.

சின்னம்மாவின் கணவர் எண்பதுகளின் தொடக்கத்தில் வெளிநாடு போனார். இரண்டு வருடம் கடிதம் வந்தது. பிறகு இல்லை. மகளின் கலியாணத்துக்குச் சின்னம்மா தன் சீதனக் காணியில் இரண்டு பரப்பை விற்க வேண்டியிருந்தது. விலையும் பேசியாயிற்று. உறுதி எழுத வந்தபோது எங்கள் நொத்தாரிசு பேனாவை மூடிவிட்டார். "புருஷன் கையெழுத்து எங்கே?"

அதே சட்டத்தில் வழியும் இருந்தது. கணவன் கைவிட்டுப் போனாலோ, இருக்குமிடம் தெரியாவிட்டாலோ, காரணமில்லாமல் சம்மதம் மறுத்தாலோ மாவட்ட நீதிமன்றம் அனுமதி கொடுக்கலாம். மனுப் போட்டோம். நான்தான் தட்டச்சு செய்தேன். விசாரணை நாளில் நீதிபதி கேட்டது ஒன்றுதான்: "கடைசியாக எப்போது கடிதம் வந்தது?" சின்னம்மா கைப்பையிலிருந்து நீல நிற ஆகாயக் கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். முத்திரையில் இருந்த திகதியை நீதிபதி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உத்தரவு கிடைத்தது.

வெளியே வந்து நான் சந்தோஷமாக ஏதோ சொன்னேன். சின்னம்மா சொன்னது: "அப்பா எனக்குத் தந்த காணி. அந்த ஆளின் கையெழுத்துக்குப் பதிலாகக் கோர்ட்டின் கையெழுத்து. என் கையெழுத்து எப்போது போதும்?"

அதற்கு அன்று பதில் சொல்லவில்லை. 2019இல் இதை எழுதும்போதும் அந்த விதி சட்டத்தில் இருந்தது.

15 பெப்ரவரி

"அப்படியென்றால் தேசவழமையை ஒழித்துவிடலாமே" என்று முதல் கேள்வியைக் கேட்டவரே திரும்பி வந்து எழுதியிருக்கிறார். சந்தோஷம் தெரிகிறது.

அவசரப்பட வேண்டாம். பெண்ணுக்குக் காணி எழுதி வைக்கும் வழக்கமும் அதே தேசவழமைக்குள்தான் இருக்கிறது. சின்னம்மாவுக்கு விற்க இரண்டு பரப்பு இருந்ததே அதனால்தான். சம்மத விதியை எடுங்கள், நான் முதல் ஆளாகக் கையெழுத்து வைக்கிறேன். சீதனம் என்ற பெயரில் நடக்கும் பேரம் வேறு கதை; அதை இங்கே தொடங்கினால் சித்திரை வரை போகும்.

21 பெப்ரவரி

பங்கு பிரிப்பு வழக்கு. மாவட்ட நீதிமன்றம் என்றால் எனக்கு முதலில் நினைவு வருவது இதுதான்.

பங்குக் காணியைப் பிரித்துத் தரும்படி ஒருவர் வழக்கு வைப்பார். வம்சாவளியை முறைப்பாட்டில் காட்ட வேண்டும். மூலவர், அவர் பிள்ளைகள், பேரர், விற்றவர், வாங்கியவர். பின்னங்கள் 7/288 என்றெல்லாம் போகும். நீதிமன்றம் நில அளவையாளரை அனுப்பும். காணியில் பறையடித்து அறிவிப்பார்கள், உரிமை கோருவோர் வரலாம் என்று. அளவையாளர் எல்லையை மட்டும் அளப்பதில்லை. மரங்களையும் அவற்றின் வயதையும் கிணற்றையும் யார் எதைத் தமது என்கிறார் என்பதையும் குறிப்பார். ஒரு பனைக்கு வயது சொல்லச் சொன்னால் சகோதரர் இருவர் இருபது வருட வித்தியாசத்தில் சொல்லுவார்கள், ஏனென்றால் நட்டவர் யார் என்பது வயதில் இருக்கிறது. பிறகு இடைக்காலத் தீர்ப்பாணை, மறுபடி அளவை, இறுதித் தீர்ப்பாணை. 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி அந்த இறுதி ஆணை வழக்கில் நின்றவரை மட்டும் அல்ல, உலகத்தையே கட்டும். அதனால்தான் அவ்வளவு கவனம், அவ்வளவு தவணை (விசாரணை நாள்).

எங்கள் அப்பாவும் ஒரு பங்கு பிரிப்பு வழக்கில் எதிராளி. எந்த நீதிமன்றம் என்று எழுதமாட்டேன். பதினோராம் எதிராளி அவர். தவணைக்குத் தவணை வெள்ளை வேட்டி கட்டிப் போனார். ஒரு கட்டத்தில் ஏழாம் எதிராளியும் அவரும் நல்ல சிநேகிதர் ஆகிவிட்டார்கள்; வழக்கு முடிந்தால் இனி எங்கே சந்திப்பது என்று இருவருக்கும் கவலை. ஏழாம் எதிராளி இடையில் காலமானார். அவர் இடத்தில் நான்கு பிள்ளைகளைச் சேர்த்தார்கள். அதனால் இன்னும் இரண்டு தவணை.

22 பெப்ரவரி

போர்க்காலத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை என்பது ஆச்சரியம்.

கோட்டைக்கு அருகே இருந்த பழைய நீதிமன்றக் கட்டடம் போரில் இடிந்தது. கூரையில்லாத சுவர்களாகப் பல காலம் நின்றது. தொண்ணூறுகளின் முற்பாதியில் குடாநாடு புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தபோது அவர்களின் நீதிமன்றங்கள் நடந்தன. காணி வழக்கு அங்கேயும் போனது. 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வில் ஊரே காலியானது. சனம் எதை எடுத்துக்கொண்டு போனது என்று நினைக்கிறீர்கள்? எங்கள் வீட்டில் அரிசி ஒரு பை, அம்மம்மா, உறுதிக்கட்டு. லாச்சியைத் திறந்து உறுதிகளைப் பொலித்தீன் பையில் சுற்றி அம்மா வயிற்றோடு கட்டினார். நகை பிறகுதான் நினைவுக்கு வந்தது.

திரும்பி வந்தபோது பிரச்சினை வேறு வடிவத்தில் இருந்தது. 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டப்படி, பத்து வருடம் தடையில்லாமல், உரிமையாளருக்கு எதிராக ஆண்டு அனுபவித்தவர் காணிக்கு உரிமை கேட்கலாம். போரோ இருபத்தாறு வருடம். ஒருவர் வவுனியாவில் முகாமில் இருக்க, அவர் வளவில் இன்னொருவர் வாழை நட்டுப் பத்து வருடம் தாண்டியாயிற்று. 2016இல் 5ஆம் இலக்கச் சிறப்பு ஏற்பாடுகள் சட்டம் வந்தது. ஆயுதக் குழுக்களின் நடவடிக்கைகளால் வழக்கு வைக்க முடியாமல் போனவர்களுக்கு 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காமல் விடலாம் என்றது. இராணுவம் இருந்ததால் போக முடியாதவர் கதை அந்த வரைவிலக்கணத்துக்குள் எளிதில் நுழையாது. இராணுவத்தின் பாதுகாப்பு வலயக் காணிகளுக்காகப் போனவர்கள் மாவட்ட நீதிமன்றத்துக்கு அல்ல, கொழும்பில் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு எழுத்தாணை (அரச அதிகாரிகளுக்கு நீதிமன்றம் இடும் ஆணை) கேட்டுப் போனார்கள்.

22 பெப்ரவரி, இரவு

வாழை நட்டவர் சகபங்காளி என்றால் பத்து வருடக் கணக்கு அவருக்குச் சுலபமில்லை. 1911இல் இலண்டனிலிருந்த இறுதி மேன்முறையீட்டு மன்றான பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது: ஒரு பங்காளியின் ஆட்சி எல்லாப் பங்காளிகளின் ஆட்சி; மற்றவர்களை வெளியேற்றியதைத் தெளிவாகக் காட்டினால்தான் காலம் ஓடத் தொடங்கும். அது சிலாபத்து வழக்கு. அதனால் பிழைத்த யாழ்ப்பாணத்துக் காணிகள் ஏராளம்.

3 மார்ச்

கனடாவில் இருக்கும் ஒருவர் எழுதுகிறார்: ஊரில் பங்கு பிரிக்க அற்றோணித் தத்துவம் (இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) அனுப்பலாமா, நேரே வரவேண்டுமா?

அனுப்பலாம். ஆனால் யாருக்கு அனுப்புகிறீர்கள் என்று மூன்று தரம் யோசியுங்கள். இதற்கு மேல் சட்ட ஆலோசனை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஒரு சட்டத்தரணியிடம் போங்கள். முன்பு வழக்கைத் தயார்செய்யும் பிரக்கிராசி வேறு, மன்றில் வாதாடும் அப்புக்காத்து வேறு. எழுபதுகளில் இருவரையும் ஒன்றாக்கிச் சட்டத்தரணி ஆக்கினார்கள். இரண்டு பேருக்குக் கட்டணம் கொடுத்த காலம் போய் ஒருவருக்கே இரண்டு மடங்கு கொடுக்கிறோம் என்பார் எங்கள் நொத்தாரிசு.

4 மார்ச்

இந்த இழையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வயது எண்பத்தொன்று. சின்னம்மாவின் இடத்தில் கண்ணைத் துடைத்தார். கிணறு வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

பங்கு 24இல் ஒன்று அல்லவாம். 18இல் ஒன்று. 24 என்பது மேற்கு வளவுக் கிணறு, அதைத் தாத்தா காலத்திலேயே கொடுத்துவிட்டார்களாம். உறுதியை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி.